சமையற்கட்டுப் பேச்சு பந்திக்குக் கேட்கலாமா?

அக்காவின் போன் வந்தபோது நான் லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, பொத்தானை அமுக்குனா வெள்ளைப் பக்கமா வருது. நடுவுல ஐந்நூத்தி ரெண்டுன்னு மட்டும் போட்டிருக்கு. நான் ஒன்னும் செய்யல."

'நான் ஒன்னும் செய்யல' என்று யாராவது முந்திக்கொண்டு சொன்னால் புரோகிராமர்களுக்கு உடனே சந்தேகம் வரும். அன்றைக்கு எனக்கும் வந்தது. ஆனால் அக்கா உண்மையிலேயே ஒன்றும் செய்யவில்லை. செய்ததெல்லாம் நான்தான்.

ஐந்தாறு வருடத்துக்கு முந்தைய கதை. மலேசியாவில், பட்டர்வொர்த் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். அங்கே கணக்கு பார்ப்பவர் இந்த அக்கா. அதற்கு முன்னால் பல வருடம் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. மண்டபத்துக்கு முன்பதிவு மென்பொருள் எழுதும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. நாள், முகூர்த்த நேரம், பந்தியில் என்னென்ன வகை, முன்பணம் எத்தனை வெள்ளி (ரிங்கிட்), இவ்வளவுதான். பரிசோதனை சர்வரில் ஏற்றி, "அடித்துப் பாருங்கள் அக்கா, எங்கே உடைகிறது என்று சொல்லுங்கள்" என்று கொடுத்திருந்தேன். அவர் கடலுக்கு அக்கரையில், நான் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில். பிழை தெரிவது அவருடைய திரையில். பிழைக்கான காரணம் எழுதப்படுவதோ சர்வரில், நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் ஏதோ ஒரு லாக் கோப்பில். அந்தக் கோப்பைத் திறக்க, தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய விடும் எஸ்எஸ்ஹெச் சாவி வேண்டும், அவரிடம் கிடையாது. என்னிடம் உண்டு, ஆனால் அவர் எந்த நொடியில் எந்தப் பொத்தானை அமுக்கினார் என்பது எனக்குத் தெரியாது.

வலை மென்பொருள் எழுதும் எல்லோருக்கும் பழகிப்போன சங்கடம் இது. சமையற்கட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்று உள்ளே கத்துகிறார்கள். பந்தியில் உட்கார்ந்திருப்பவருக்கு ரசம் வரவில்லை என்பது மட்டும்தான் தெரியும். அந்தச் சத்தத்தை ஒரு குழாய் போட்டுப் பந்திக்கே கொண்டுவந்துவிட்டால்? பிரவுசரில் எஃப்12 அமுக்கினால் கன்சோல் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் பேசுவதெல்லாம் அங்கே வருகிறது. சர்வர் பேசுவதும் அதற்குப் பக்கத்திலேயே வரட்டும் என்று நினைத்தேன்.

முதலில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். பக்கத்தின் கடைசியில் ஒரு ஸ்கிரிப்ட் டேக் (பக்கத்துக்குள் ஜாவாஸ்கிரிப்டை வைக்கும் குறி), அதற்குள் கன்சோல்.லாக், அதற்குள் சர்வரின் செய்தி. பத்து நிமிட வேலை. ஒரு வாரம் சந்தோஷமாக ஓடியது. பிறகு ஒவ்வொன்றாக உதிர்ந்தது. ரசீதை பிடிஎஃப் ஆக இறக்கினால் கோப்பின் வாலில் ஸ்கிரிப்ட் டேக் தொங்கியது. தரவை ஜேசன் என்ற எழுத்து வடிவில் கேட்ட இடத்தில் ஜேசனோடு டேகும் சேர்ந்து வந்ததால் உலாவி படிக்க மறுத்தது. படிவத்தை அனுப்பியதும் சர்வர் 302 போட்டு வேறு பக்கத்துக்குத் தள்ளிவிடும். அந்த 302 பதிலின் உடம்பை யாரும் பார்ப்பதே இல்லை. முக்கியமான வேலையெல்லாம் நடப்பது அந்தப் படிவத்தை வாங்கும் இடத்தில்தான், அங்கே எழுதிய லாக் அத்தனையும் காற்றோடு போனது.

இதில் ஒரு விஷக்கடியும் உண்டு. வாடிக்கையாளர் தட்டிய குறிப்பு ஒன்றை லாக்கில் எழுதுகிறீர்கள், அந்தக் குறிப்பிலேயே ஸ்கிரிப்ட் டேகை மூடும் வாசகம் இருக்கிறது என்று வையுங்கள். உங்கள் டேக் அங்கேயே மூடிக்கொள்ளும். அதற்குப் பின் அவர் எழுதியதெல்லாம் பக்கத்தின் சொந்தச் சரக்காக ஓடும். நான் சர்வரில் எழுதிய மொழி பிஹெச்பி; அதன் ஜேசன் என்கோடர் (தரவை ஜேசனாக மாற்றும் பகுதி) தானாகவே சாய்கோட்டுக்கு முன் ஒரு பின்சாய்கோடு போட்டுவிடுவதால் நான் தப்பித்தேன். பைத்தானின் என்கோடர் அப்படிப் போடாது. நான் தப்பித்தது திறமையால் அல்ல.

அடுத்த வழி பழைய வழிதான். 2006-இல் ஃபயர்ஃபாக்ஸ் உலாவிக்கு ஃபயர்பக் என்ற நீட்சி (எக்ஸ்டென்ஷன்) வந்தது. உலாவிக்குள்ளேயே கன்சோல் வைத்து உட்கார எங்கள் தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். அதன் தோளில் ஏறி ஃபயர்பிஹெச்பி வந்தது. சர்வரின் லாக்கைப் பக்கத்தின் உடம்பில் திணிக்காமல், ஹெச்டிடிபி பதிலின் ஹெடரில், அதாவது உடம்புக்கு முன்னால் போகும் குறிப்பு வரிகளில், வைத்து அனுப்பும். ஃபயர்பக் அதை எடுத்துக் கன்சோலில் காட்டும். 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 வந்து பழைய வகை நீட்சிகளையெல்லாம் கழற்றிவிட்டபோது ஃபயர்பக்கின் காலமும் முடிந்தது. குரோம் பக்கத்தில் இதே வேலையைக் குரோம் லாகர் செய்தது. அதன் அமைப்பு எனக்குப் பிடிக்கும். ஒரே ஒரு ஹெடர், பெயர் எக்ஸ்-குரோம்லாகர்-டேட்டா. உள்ளே ஒரு ஜேசன்: பதிப்பு எண், பத்திகளின் பெயர், வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் செய்தி, அது எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி, என்ன வகை, அதாவது எச்சரிக்கையா பிழையா. ஹெடருக்குள் புதுவரி வரக்கூடாது, ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண், குறிகள்) அல்லாத எழுத்து வந்தாலும் வம்பு. அதனால் மொத்தத்தையும் பேஸ்64 ஆக, அதாவது வெறும் ஆஸ்கி எழுத்துகளாக, மாற்றி அனுப்புவார்கள்.

உடம்பைத் தொடாத வழி என்பதால் பிடிஎஃப் கெடவில்லை, ஜேசன் கெடவில்லை. 302 பதிலிலும் ஹெடர் இருக்கும். நெட்வொர்க் டேபில் லாக்கைப் பாதுகாக்கும் பெட்டியில் டிக் போட்டுவிட்டால் அதுவும் நிற்கும். நானே நாற்பது வரியில் ஒன்று எழுதிக்கொண்டேன். என் உலாவியில் நீட்சி இருந்தது. படிவத்தை அனுப்புவேன், என் ஜாவாஸ்கிரிப்ட் சொன்னதும் சர்வர் சொன்னதும் கன்சோலில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். அந்தச் சுகத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். டெர்மினலுக்கும் உலாவிக்கும் கழுத்தைத் திருப்பித் திருப்பியே வலி வந்தவன் நான்.

அந்தச் சுகத்தில் இருக்கும்போதுதான் அக்காவின் போன்.

நான் என் கணினியில் அதே படிவத்தை நிரப்பினேன். ஓடியது. பரிசோதனை சர்வரில் நிரப்பினேன். அங்கேயும் ஓடியது. "மறுபடி செய்து பாருங்கள் அக்கா" என்றேன். செய்தார். "இப்ப வேற மாதிரி வருது தம்பி. அந்தத் தேதி ஏற்கெனவே பதிவாயிருச்சுன்னு சொல்லுது. யார் பதிஞ்சா?"

பதிந்தது அவரேதான். வெள்ளைப் பக்கம் வந்தாலும் முதல் தடவையே எல்லாம் வெற்றிகரமாக முடிந்திருந்தது. சர்வரின் லாக் கோப்பைப் பார்த்தேன். பதிவு சேமிக்கப்பட்டது, மின்னஞ்சல் போனது, பிழை எதுவும் இல்லை. சமையற்கட்டில் சமையல் முடிந்து இலையில் பரிமாறியும் ஆகிவிட்டது. பந்திக்காரருக்கு மட்டும் இலை வந்து சேரவில்லை. நடுவில் நிற்பது என்ஜின்எக்ஸ், உலாவியின் கோரிக்கையை வாங்கிப் பின்னால் இருக்கும் பிஹெச்பிக்குக் கொடுத்து, பதிலை வாங்கித் தரும் சர்வர். 502 போட்டதும் அதுதான். அதன் பிழைக் கோப்பில்தான் விடை இருந்தது: பின்னால் இருக்கும் சர்வர் அனுப்பிய ஹெடர் அளவுக்கு மீறிப் பெரியது.

எனக்கு வராதது அக்காவுக்கு ஏன் வந்தது? ஒரு மணி நேரம் முழித்தேன். பிறகு அவர் சேமித்த பதிவைத் திறந்து பார்த்தேன். 22 வகைப் பந்திப் பட்டியல், அத்தனையும் சுத்தமான தமிழில். வாழைப்பூ வடை, பூசணிக்காய்க் கூட்டு, சேமியாப் பாயசம். பள்ளிக்கூடத்து ஆசிரியை அல்லவா. நானோ சோம்பேறி. விசைப்பலகையை மாற்றுவதற்கு அலுத்துக்கொண்டு எப்போதும் ஆங்கில எழுத்தில் வாழைப்பூ வடை என்று தட்டிவிடுவேன்.

வாழைப்பூ வடையையே எடுத்துக் கணக்குப் போட்டேன். ஆங்கில எழுத்தில், நான் தட்டுகிற மாதிரி, இடைவெளியோடு 15 பைட். பேஸ்64 ஆனால் மூன்றுக்கு நாலு என்ற கணக்கில் பெருத்து 20. தமிழில்? இலக்கணப்படி வா, ழை, ப், பூ, வ, டை என்று ஆறு எழுத்து. யூனிகோடுக்கு வ தனி, அதன் கால் தனி, புள்ளி தனி. மொத்தம் 11 குறியீடு. யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றும் மூன்று பைட். அதோடு விட்டதா? பிஹெச்பியின் ஜேசன் என்கோடர், நாம் வேண்டாம் என்று சொல்லாத வரைக்கும், ஆஸ்கி அல்லாத ஒவ்வொரு குறியீட்டையும் பின்சாய்கோடு, யு, நாலு இலக்கம் என்று ஆறு பைட்டாக விரித்து எழுதும். 11 பெருக்கல் ஆறு, ஓர் இடைவெளி, ஆக 67. பேஸ்64-க்குப் பிறகு ஏறக்குறைய 90.

எனக்கு 20, அக்காவுக்கு 90. அதே வடைதான்.

என் புத்திசாலித்தனத்தில் பட்டியலைச் சரிபார்ப்பதற்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை என்று இரண்டு முறை லாக் செய்திருந்தேன். 22 வகை, இரண்டு முறை, சராசரி 90 என்றால் கிட்டத்தட்ட நாலாயிரம் பைட். குக்கி, மற்ற ஹெடர்கள் வேறு. என்ஜின்எக்ஸ் பின்னாலிருந்து வரும் ஹெடருக்கு ஒதுக்கும் இடம், நாமாக மாற்றாவிட்டால், நாலு அல்லது எட்டு கிலோபைட். எங்கள் சர்வரில் நாலு, அதாவது 4096 பைட். என் மடிக்கணினியில் பிஹெச்பியின் சொந்தச் சர்வர் ஓடியது, நடுவில் என்ஜின்எக்ஸ் கிடையாது. குரோம் மொத்த ஹெடருக்கு 256 கிலோபைட் வரை பொறுத்துக்கொள்ளும். ஆகவே தமிழில் தட்டியிருந்தாலும் என் மேசையில் இது உடைந்திருக்காது.

பிழையைக் கண்டுபிடிக்கப் போட்ட குழாயே பிழையாகிவிட்டது. அதுவும் தமிழில் எழுதுபவருக்கு மட்டும். தமிழில் மென்பொருள் செய்கிறேன் என்று மார்தட்டிக்கொண்டு, சோதிப்பதை மட்டும் ஆங்கில எழுத்தில் செய்திருக்கிறேன். அன்றிலிருந்து சோதனைப் பதிவுகளைத் தமிழில்தான் தட்டுகிறேன், அலுப்பாக இருந்தாலும்.

யூனிகோடை விரிக்காதே என்று என்கோடரிடம் சொன்னேன். 90 என்பது 45 ஆனது. என்ஜின்எக்ஸின் இடத்தை 16 கிலோபைட் ஆக்கலாம்தான். ஓரிரு நாள் ஆக்கியும் வைத்தேன். ஆனால் லாக்குக்காகச் சர்வரின் அமைப்பை மாற்றினால், பரிசோதனை சர்வர் ஒரு மாதிரியும் உண்மைச் சர்வர் வேறு மாதிரியும் ஆகிவிடும். சோதனைக்கே அர்த்தமில்லை. திருப்பிவிட்டேன். குரோம் லாகருக்கு அனுப்பும் வசதி, பிஹெச்பியில் லாக் எழுத உதவும் மோனோலாக் நூலகத்திலேயே உண்டு. அது அளவைத் தானே பார்த்து, மீறினால் வெட்டி, லாக் முழுமையில்லை என்று ஓர் எச்சரிக்கையும் சேர்த்து அனுப்பும். நானே எழுதுகிறேன் என்று கிளம்பாமல் அதை எடுத்திருக்கலாம்.

ஹெடர் வழியில் இன்னொரு குறை, அளவைவிடப் பெரியது. ஹெடர் எப்போதும் உடம்புக்கு முன்னால் போக வேண்டும். உடம்பு கிளம்பிய பிறகு நடப்பதைச் சொல்ல வழியில்லை. நினைவகம் தீர்ந்து புரோசஸ் நடுவழியில் செத்தால் ஹெடரும் அதோடு சாகும். எப்போது லாக் மிக மிக வேண்டுமோ அப்போதுதான் அது வராது. மின்னஞ்சல் அனுப்பும் வரிசை மாதிரிப் பின்னணியில் ஓடும் வேலைகளுக்கோ பதில் என்ற ஒன்றே கிடையாது, ஹெடரை எதில் ஒட்டுவது?

அதற்காக சர்வர்-சென்ட் ஈவன்ட்ஸ் பக்கம் போனேன். உலாவி ஓர் இணைப்பைத் திறந்து வைத்துக்கொள்ளும், சர்வர் நினைத்தபோதெல்லாம் டேட்டா என்று தொடங்கும் வரி ஒன்றை அனுப்பும், ஒரு வெற்று வரி வந்தால் ஒரு செய்தி முடிந்தது என்று அர்த்தம். கேட்க அழகாக இருக்கும். ஓடவிட்டதும் மண்டபத்தின் மற்ற பக்கங்கள் எல்லாம் உறைந்து நின்றன. பிஹெச்பி செஷனை (உள்ளே வந்திருப்பவரைப் பற்றிய குறிப்பை) ஒரு கோப்பில் வைத்து, அந்தக் கோப்பைப் பூட்டிக்கொள்ளும். என் லாக் இணைப்பு முடியாமல் ஓடிக்கொண்டே இருப்பதால் பூட்டு அவிழவே இல்லை. அதே ஆளின் அடுத்த கோரிக்கை வாசலில் காத்துக் கிடந்தது. செஷனை முதலிலேயே எழுதி மூடியதும் சரியானது. பிறகு லாக் மொத்தமாகத் தேங்கித் தேங்கி வந்தது. என்ஜின்எக்ஸ் சேர்த்து வைக்கிறது, அதற்கு எக்ஸ்-ஆக்செல்-பஃபரிங் என்ற ஹெடரில் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பிறகு ஏழாவது டேப் திறந்தால் சுற்றிக்கொண்டே இருந்தது. ஹெச்டிடிபி 1.1-இல் ஒரு தளத்துக்கு ஆறு இணைப்புக்கு மேல் உலாவி திறக்காது, ஆறையும் என் லாக்கே பிடித்துக்கொண்டது. ஒரு மண்டப மென்பொருளுக்கு இவ்வளவு வேண்டுமா என்று எனக்கே தோன்றியது. எடுத்துவிட்டேன்.

மிஞ்சியது ஹெடர்தான். படிவத்தை ஃபெட்ச் (பக்கம் மாறாமல் ஜாவாஸ்கிரிப்டே அனுப்பும் வழி) மூலம் அனுப்பும்படி மாற்றி, பதில் வந்ததும் ஹெடரைப் படித்துக் கன்சோலில் அச்சிடும் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் ஒன்றைப் பரிசோதனை சர்வரில் வைத்தேன். இனி நீட்சி தேவையில்லை. அக்காவுக்கு எஃப்12 எங்கே இருக்கிறது என்று போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். "சிவப்பா ஏதாவது வந்தா படம் புடிச்சு அனுப்புங்க."

இங்கேதான் பெரிய தப்பு. அக்கா சொன்னதைச் சரியாகச் செய்தார். சிவப்பாக வந்தது, படம் பிடித்தார், அனுப்பினார். எனக்கு மட்டும் அல்ல, மண்டபத்து நிர்வாகத்தினர் எல்லோரும் இருக்கும் வாட்சாப் குழுவுக்கு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சிவப்பு வரிக்கு மேலே, நான் எப்போதோ சோதனைக்காக எழுதி மறந்த வரியில், முன்பதிவு செய்த மூன்று பேரின் பெயரும் மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) எண்ணும். பரிசோதனைச் சர்வரின் தரவு உண்மைத் தரவின் நகல். அதுவும் என் சோம்பேறித்தனம்தான்.

மைகார்டு எண் வெறும் எண் இல்லை. 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த இடம், பினாங்கு என்றால் 07, கோலாலம்பூர் என்றால் 14. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டை என்றால் பெண். அதைப் பார்த்தே குழுவில் ஒருவர், "ஓ, இந்தப் பொண்ணுக்கு இவ்ளோ வயசா?" என்று போட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. படத்தை அழிக்கச் சொன்னோம். அந்த மூன்று பேருக்கும் நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். இருவர் பரவாயில்லை என்றார்கள். ஒருவர் திட்டினார், நியாயம்தான்.

இந்நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 என்று ஒன்று இருக்கிறது, 2013 நவம்பர் 15 முதல் நடப்பில். அதில் திருத்தம் வந்து, 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவு நேர்ந்தால் ஆணையருக்கு அறிவிக்க வேண்டும், அதற்கு 72 மணி நேரக் கெடு. என் கூத்து அதற்கு முன்பே நடந்துவிட்டது. பேஸ்64 பூட்டு அல்ல, வெறும் உறை என்பது எனக்கு அப்போதும் தெரியும். தெரிந்துகொண்டேதான் செய்தேன், 'பரிசோதனை சர்வர்தானே' என்று.

இப்போது நான் அனுப்புவது மிகக் கொஞ்சம். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆறு எழுத்துக் குறி ஒன்று. விவரமெல்லாம் சர்வரின் லாக் கோப்பிலேயே, அந்தக் குறியோடு. கன்சோலுக்குப் போவது அந்தக் குறி, எத்தனை எச்சரிக்கை, எத்தனை பிழை, அவ்வளவே. தரவுத்தளத்துக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதை சர்வர்-டைமிங் ஹெடரில் போடுகிறேன். அது எந்த நீட்சியும் இல்லாமல் நெட்வொர்க் டேபில் கோடு கோடாகத் தெரியும். பிழைப் பக்கம் வந்தால் அதன் நடுவில் குறியைப் பெரிதாகக் காட்டுவேன். முழு லாக்கும் கன்சோலில் கொட்டுவது என் மடிக்கணினியில் மட்டும். அந்தச் சுகத்தை என்னால் விட முடியாது.

இந்த ஏற்பாடு வந்த முதல் வாரமே அக்கா கூப்பிட்டார்.

"குறிச்சிக்கோ தம்பி. கே, ஏழு, பி, எம், ரெண்டு, பி."

தேடினேன். இல்லை. மறுபடி தேடினேன்.

"அக்கா, எந்த பி?"

"எந்த பின்னா? பிதான்."

"பினாங்கு காடி நம்பர்ல வர்ற பியா, சிலாங்கூர் காடி நம்பர்ல வர்ற பியா?"

பினாங்கு வண்டி எண் P-யில் தொடங்கும், சிலாங்கூர் வண்டி எண் B-யில். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"மொதல்ல வர்றது பினாங்கு. கடைசி சிலாங்கூர்." பிறகு, முப்பது பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லும் குரலில்: "நம்ம மொழியில ஒரே ஒரு ப-தான் தம்பி இருக்கு. நம்பரா மட்டும் வச்சிருக்கக் கூடாதா?"

அன்று சாயங்காலமே மாற்றிவிட்டேன்.